நீலப் பீப்பாய் மணல்

எங்கள் சந்தில் இரண்டாவது லேசர் பட்டறை திறந்த அன்று, முதலாளி வாசலில் நின்றபடி டீயைக் குடிக்காமலே சாக்கடையில் ஊற்றினார். செமிலிங் ஊரில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் தகரக்கூரை போட்ட எட்டுப் பட்டறைகள் இருக்கும். ஐந்தாவது எங்களுடையது. எதிர்ப்பட்டறையில் சிங்க ஆட்டம் ஆடி, பட்டாசு வெடித்து, சிவப்புத் துணி கட்டித் திறந்தார்கள். "போச்சு லா," என்றார் முதலாளி. அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

எங்கள் இயந்திரம் தண்ணீரால் அறுப்பது. இதைச் சொன்னால் புக்கிட் செலம்பாவில் என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். "தண்ணியால இரும்ப அறுக்குறானாம், கத வுடுறான் பாரு" என்பார்கள். கல்யாண வீடு, கருமாதி வீடு என்று போன இடமெல்லாம் விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. பம்ப் தண்ணீரை நெருக்கும். நெருக்கப்பட்ட தண்ணீர், மூக்குத்திக் கல்லைவிடச் சின்னதான ஒரு வைரத்தின் துளை வழியாகப் பீறிடும். அதோடு கார்னெட் என்கிற சிவப்பு மணல் போய்ச் சேரும். இரண்டும் சேர்ந்து ஊசிமுனை அளவுக்கு இறங்கி, கையகலக் கனமுள்ள எஃகையும் அறுத்துவிடும். உண்மையில் அறுப்பது மணல்தான். தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. மணல் கெட்டால் வேலை கெட்டது.

லேசர் இயந்திரம் முன்பெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் மட்டுமே வாங்கக்கூடியதாக இருந்தது. சீனாவிலிருந்து மலிவாக வர ஆரம்பித்ததும் சந்துக்கு ஒன்று முளைத்தது. மெல்லிய தகடெல்லாம் அவர்களிடம் போனது. அவர்கள் ஐந்து நிமிடத்தில் முடிப்பதை நாங்கள் அரைமணி நேரம் அறுத்துக்கொண்டிருப்போம். எந்த மடையன் எங்களிடம் வருவான்? லேசர் தொட முடியாத கனத்த பலகை, கோயில் தரைக்குத் தாமரைப்பூ வெட்டும் பளிங்கு, கையுறைத் தொழிற்சாலைக்கு வேண்டிய ரப்பர் வளையம், சூடு பட்டால் கெட்டுப்போகிற சாமான், இவைதான் எங்களுக்கு மிஞ்சின. "அவன் கறிய எடுத்துக்கிட்டான், எலும்பு நமக்கு," என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வரும்.

அதற்குள் மணலும் விலை ஏறியது. முன்பு தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். அங்கே அள்ளக்கூடாது என்று தடை வந்த பிறகு, எங்கெங்கிருந்தோ, கிடைத்தபோது வந்தது. அதனால் ஒரு முறை அறுத்த மணலை மறுபடியும் பயன்படுத்த ஆரம்பித்தோம். தொட்டியின் அடியிலிருந்து அதை வாரி, கழுவி, கித்தானில் பரப்பி வெயிலில் காயவைத்து, சலித்து எடுப்போம். சலித்த மணல் கருப்புப் பீப்பாயில் இருக்கும். புது மணல் நீலப் பீப்பாயில். சாதாரண வேலைக்குக் கருப்பிலிருந்தும் நீலத்திலிருந்தும் கலந்து போடுவோம். பார்க்க இரண்டும் ஒரே சிவப்பு. பழையதில் தூள் அதிகம். தூள் குழாயை அடைத்தால் மணல் நின்று, வெறும் தண்ணீர் மட்டும் இறங்கும்.

இந்த மணல் வேலை முழுவதும் ஒருவருடைய பொறுப்பு. அவர் கரங்கானிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். வேலை பார்த்த ரப்பர் ஃபேக்டரி மூடியதும் எங்களிடம் வந்து சேர்ந்தார். நான் அவரைக் கரங்கான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு முன்னால் வந்து, எனக்குப் பின்னால் போவார். மணலை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். போட்டு முடித்ததும் பீப்பாயின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. "என்னாண்ணே, பீப்பா பால் கறக்குதா?" என்று கேலி செய்வேன். "ஒன்ன வுட நல்லாவே கறக்குது," என்பார். இயந்திரத்தை ஓட்டுகிற எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் மூக்குக்கு மேல் வரும். இயந்திரம் மக்கர் பண்ணினால் ஸ்பானரைத் தூக்கி எறிவேன். அதை எடுத்து, துடைத்து, பெட்டியில் வைப்பவர் அவர்.

அப்படி இருக்கும்போதுதான் கூலிமிலிருந்து அந்த அழைப்பு வந்தது. விமானத்துக்குப் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. கார்பன் நாரை ஏடு ஏடாக ஒட்டிச் செய்த கருப்புப் பலகையை அறுக்க வேண்டும். லேசர் பட்டால் அது கருகும். ரம்பம் பட்டால் பிசிறும். தண்ணீர்தான் சரி. ஒரு பலகையை எங்கள் கண்ணெதிரே அறுத்துக் காட்டுங்கள், நன்றாக வந்தால் தொடர்ந்து தருகிறோம் என்றார்கள். முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "இது கெடச்சா நம்மளுக்கு மூச்சு வரும். கெடைக்கலன்னா மெஷின வித்துட்டு நான் லாரி ஓட்டப் போயிருவேன். நீங்களும் வேற எடம் பார்த்துக்க வேண்டியதுதான்." விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது. அறுத்துக் காட்டும் நாளாக விஜயதசமியை அவரே கேட்டு வாங்கினார். நல்ல நாள், தொட்டது துலங்கும் என்று.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. அன்று காலையில் நான் இயந்திரத்தின் மூக்கை, அறுக்கும் தலை என்போம், அதைக் கழற்றி, பழைய வைரத்தை வெளியே எடுத்துவிட்டேன். மறுநாள் வேலைக்குப் புது வைரம் போடவேண்டும். வைரம் உட்காரும் குழியில் ஒரு தூசு இருந்தாலும் அது சாய்ந்துதான் உட்காரும். சாய்ந்தால் தண்ணீர் கோணலாகப் பாயும். மணலைச் சரியாக இழுக்காது. அதனால் குழியைக் கழுவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கை படாமல் போடவேண்டும். நான் கழுவிக்கொண்டிருக்கும்போதே முதலாளியின் மனைவி பூஜைத் தட்டோடு வந்துவிட்டார். அவரை நாங்கள் அக்கா என்போம். பூசாரிக்கு இன்று ஊரெல்லாம் வேலை, வரமாட்டார், நேரம் போகுது, நாமே சீக்கிரம் முடிக்கலாம் என்றார்.

வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, பூசணிக்காய் வைத்து எல்லாம் ஆயிற்று. அக்கா ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பம்ப், கம்ப்யூட்டர், நான் எறிகிற ஸ்பானர், இரண்டு பீப்பாய்கள். கடைசியில் அறுக்கும் தலை. சந்தனத்தைப் பன்னீர் விட்டு நீர்க்கக் கரைத்திருந்தார். கட்டைவிரலால் தொட்டு இழுத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். தலை திறந்து கிடப்பது எனக்குத் தெரியும். "அக்கா, அங்க வேணாம்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லவில்லை. சாமி காரியத்தில் ஒரு மனுஷியை எப்படித் தடுப்பது? கற்பூரம் காட்டி முடித்ததும் அக்கா சொன்னார். "பூஜ போட்டாச்சு. இனிமே நாளைக்குக் காலைல வரைக்கும் எதுலயும் கை வெக்கக் கூடாது, சரியா தம்பி?" நான் தலையாட்டினேன். ஒரு துண்டு டேப்பை எடுத்து அந்தக் குழியை மூடியிருக்கலாம். அதுவும் கை வைப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். தொழிற்சாலையின் இன்ஜினியர், ஒரு மலாய்ப் பெண்மணி. கருப்புப் பலகையை மெத்தென்ற துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வாசலில் கார் நிற்கும்போது நான் அப்போதுதான் தலைக்கு எதிரே நிற்கிறேன். துணியை விரலில் சுற்றி ஒரு துடை துடைத்தேன். வைரத்தைப் போட்டேன். இறுக்கினேன். பூதக்கண்ணாடி மேசையின் இழுப்பறைக்குள் இருந்தது. எடுக்கவில்லை.

முதலாளி கரங்கான் அண்ணனிடம் போய், "அண்ணே, இன்னிக்கு நீலம் மட்டும்தான்," என்றார். "தெரியும் பாஸ், நீலந்தான்," என்று பதில் வந்தது. நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் பீப்பாயில் இரண்டு தட்டு விழுந்தது கேட்டது.

முதல் கோடு அருமையாக வந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவதாக ஒரு துளை போடும்போது சத்தம் மாறியது. நன்றாக அறுக்கும்போது ஒரே சீரான சீறல் இருக்கும். அது சளசளவென்று ஆனது. நான் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துளையைச் சுற்றிப் பலகை ரொட்டி சானாய் மாதிரி ஏடு ஏடாக விரிந்து கிடந்தது. அந்த அம்மா கையுறையைக் கழற்றி நகத்தால் ஓர் ஏட்டைத் தூக்கிப் பார்த்தார். "பாசிர் பாரு கே?" என்று கேட்டார். புது மணலா என்று. முதலாளி ஆமாம் என்றார். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மரியாதையாக நன்றி சொல்லி, பலகையை மறுபடி அதே துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

கார் போன பிறகு முதலாளி கரங்கான் அண்ணனிடம் வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம்.

"அண்ணே, பழக்க தோஷத்துல கருப்புலேர்ந்து அள்ளிட்டீங்களா?"

"இல்ல பாஸ். நீலந்தான்."

"கோவிச்சுக்காதீங்க. நெனச்சுப் பாருங்க. தெனமும் கலந்துதானே போடுறோம்."

"நீலந்தான் பாஸ்."

"அப்ப எப்படிண்ணே மணல் நின்னுச்சு?"

அவர் கருப்புப் பீப்பாயைப் பார்த்தார். நீலப் பீப்பாயைப் பார்த்தார். தன் கையை விரித்துப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "நீலம்னுதான் நெனைக்கிறேன்," என்றார். அந்த 'நெனைக்கிறேன்' என் காதில் விழுந்தது. முதலாளி ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு நான் மட்டும் தலையைக் கழற்றினேன். வைரத்துக்கு அடியில், ஒரு ஓரத்தில், காய்ந்த சிவப்பு இருந்தது. மணலாக இருக்கட்டும் கடவுளே என்று எடுத்து விரலில் தேய்த்தேன். கார்னெட் என்றால் கரகரக்கும். இது மைபோல இழுபட்டது. மோந்து பார்த்தேன். சந்தனம், பன்னீர். கழுவித் துடைத்து, வைரத்தைச் சரியாகப் போட்டு மூடினேன். இந்தத் தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், வெட்கங்கெட்டவன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அக்கா மனசு நொந்துபோவார், அவர் வைத்த பொட்டால் கெட்டது என்று தெரிந்தால் தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். பொட்டு வைத்தது அக்கா. குழியைத் திறந்துபோட்டது யார்? பார்க்காமல் மூடியது யார்? என் வேலைக்குப் பயந்தேன், அவ்வளவுதான். ஊரெல்லாம் எகிறிக் குதிக்கிறவனுக்கு அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை.

கூலிமிலிருந்து வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை கரங்கான் அண்ணன் வரவில்லை. அவரை யாரும் போகச் சொல்லவில்லை. முதலாளிக்குப் போன் பண்ணி, "நான் சரிப்பட்டு வரமாட்டேன் பாஸ்," என்று மட்டும் சொன்னாராம். அவருடைய கையுறை இரண்டு ஜோடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. போன் பண்ணலாம் என்று எத்தனையோ தடவை கையில் எடுத்தேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நான் அந்தப் பாவத்தோடு தினமும் காலையில் பஞ்ச் கார்டு அடித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி இயந்திரத்தை விற்கவில்லை. விற்கப் பார்த்தார், வாங்க ஆளில்லை. எல்லாரும் லேசர் வாங்குகிற காலத்தில் பழைய வாட்டர்ஜெட்டை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? கூலிம் தொழிற்சாலை தானே ஒரு பெரிய இயந்திரம் வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். வாட்டர்ஜெட்டுக்கு வேலையே இல்லை என்று சொல்லமுடியாது. வேலை பெரிய இடங்களுக்குள்ளே போய்விட்டது. எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்குச் செம்பனை எண்ணெய் ஆலையின் கனத்த பலகையும், கோயில் தாமரையும், ரப்பர் வளையமும் வந்து கொண்டிருந்தன. அதை வைத்து ஓட்டினோம்.

மணல் வேலையும் என் தலையில் விழுந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. பத்து நாள் அள்ளிய பிறகு கை தானாகப் போகும். அள்ளிக் கொட்டிவிட்டு, எதிலிருந்து எடுத்தேன் என்று யோசித்தால் ஞாபகம் வராது. ஒருநாள் கொட்டியதைத் திரும்ப வாரி, கையில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொட்டினேன். அண்ணனின் அந்த 'நெனைக்கிறேன்' மறுபடியும் காதில் விழுந்தது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அக்கா தட்டோடு வருவதற்கு முன்பே அறுக்கும் தலையைப் பிளாஸ்டிக் சுற்றி டேப் போட்டுக் கட்டிவிட்டேன். அக்கா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு அங்கே வந்து நின்றார்.

"என்னா தம்பி இது? சாமிக்கு முன்னாடி மூட்ட கட்டி வெச்சிருக்க?"

"பிளாஸ்டிக் மேலயே வைங்கக்கா."

"ஏன்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பூசணிக்காய் காலடியிலேயே இருந்தது, கற்பூரம் வைத்து. அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். குழி திறந்திருந்தது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் போட்டது, சாயங்காலம் விரலில் தேய்த்துப் பார்த்தது, எல்லாம். முதலாளி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. "ஒரு வருசம்! வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இந்தக் குங்குமத்த என் நெத்தியில பார்த்துக்கிட்டுத்தானே இருந்த? அந்த மனுசன் என்னா பாவம்டா பண்ணுனாரு?" அவர் என்னை 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. தட்டைக் கீழே வைத்தார். "பூஜ அப்புறம் பார்த்துக்கலாம். வண்டிய எடுங்க," என்றார் முதலாளியிடம். முதலாளி சாவியை எடுத்தார். என்னை அவர் திட்டியிருக்கலாம். கரங்கான் வரைக்கும் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.

கரங்கான் அண்ணன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் காவலுக்கு நிற்கிற ஜாகா. அன்று அவருக்கு ராத்திரி வேலை, அதனால் பகலில் வீட்டில் இருந்தார். வரிசை வீடு, முன்னால் இரும்புக் கேட். எங்களைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து பூட்டைத் திறந்தார். "வாங்க பாஸ், வாங்கம்மா," என்று நாற்காலி போட்டார். அவர் மனைவி உள்ளே டீ போடப் போனார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். முதலாளி எழுந்து இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சிருங்கண்ணே," என்றார். அக்கா அண்ணன் காலைத் தொடப் போனார். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அப்போ அன்னிக்கு நான் நீலத்துலேர்ந்துதான் அள்ளுனேனா தம்பி?"

"ஆமாண்ணே."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்ணே. மணல்ல ஒரு குத்தமும் இல்ல. நான் போட்ட வைரந்தான் கோணல்."

அவர் தன் உள்ளங்கையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார். "மொதல்ல நீலம்னுதான் நெனச்சேன். அப்புறம் தெனமும் நெனச்சு நெனச்சுப் பார்த்ததுல, கருப்புப் பீப்பாதான் கண்ணுல வந்துச்சு. அதுலேர்ந்து அள்ளுறத நானே பார்த்த மாதிரி ஆயிருச்சு. இவகிட்டகூடச் சொல்லிட்டேன், ஆமா, நான்தான் கெடுத்துட்டேன்னு." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தா, கேட்டியா? நீலந்தானாம்."

அவர் மனைவி டீத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தார். என்னைத்தான் பார்த்தார். "இதச் சொல்ல ஒரு வருசமா தம்பி?" என்றார். டீயை முதலில் எனக்குத்தான் கொடுத்தார். அதை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

முதலாளி வேலைக்குத் திரும்பி வரச்சொல்லி எவ்வளவோ கேட்டார். அண்ணன் சிரித்து, "பார்ப்போம் பாஸ்," என்று மட்டும் சொன்னார். எங்களோடு வெளியே வந்து, நாங்கள் ஏறும்வரை நின்றார். என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கேட்டைச் சாத்தி, பூட்டி, கையசைத்துவிட்டு உள்ளே போனார்.

முதலாளி வண்டியைத் திருப்ப முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அண்ணன் மறுபடியும் வெளியே வந்து, சற்றுமுன் தான் பூட்டிய பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். உள்ளே போனார். தெருமுனையில் நாங்கள் திரும்பும்போது திரும்பவும் வந்து அதே பூட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.